யானைக்கால் நோய்க்கு இரவு ரத்தக் கணக்கெடுப்பு: டெல்டா கிராமங்களுக்கான களக் குறிப்பு

விரலில் குத்துவதும் ஸ்லைடு (ரத்தம் தடவிய கண்ணாடித் தகடு) பார்ப்பதும் பழகப் பழகக் கைவந்துவிடும். யானைக்கால் கணக்கெடுப்பு கெட்டுப்போவது அங்கே அல்ல. ஆண்டுக்கொரு முறை வீடு வீடாக மாத்திரை கொடுத்தபோது எந்த ஆள் அகப்படவில்லையோ, ரத்தம் எடுக்கப் போகும் இரவிலும் அவர் அகப்படமாட்டார். நுண்புழு, அதாவது நோயைப் பரப்பும் குட்டிப் புழு, ரத்தத்தில் இருக்க அதிக வாய்ப்புள்ள உடம்பும் அவருடையதே. கிடைத்தவர்களிடம் மட்டும் எடுத்து எழுதும் அறிக்கையில் ஊர் சுத்தமாகத் தெரியும். கொசு அறிக்கை படிப்பதில்லை.

பொது சுகாதாரம், செவிலியம், சமூகப்பணி படிப்பவர்களும், ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்து களத்தில் இறங்குபவர்களும் கையில் வைத்துக்கொள்ளும்படி இது எழுதப்பட்டிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெயர் இடையிடையே வரும். காரணம் எளிது: ஊருக்குள் போய் நோயை எண்ணும் முறைகளில் பல அங்கேதான் பழுத்தன, அங்கே நடந்த சறுக்கல்களும் நமக்குப் பாடம்.

நோயும் கொசுவும்

நம் பக்கத்து யானைக்கால் நோய்க்குக் காரணம் உச்சரேரியா பான்கிராஃப்டி என்ற புழு. வளர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் 6 முதல் 8 ஆண்டுகள் வரை வாழும். அவை ஈனும் நுண்புழுக்கள் இரவில் மட்டும் விரல் நுனி வரை வரும், பகலில் நுரையீரல் பக்கம் ஒதுங்கிவிடும். இரவு 10 முதல் 2 வரை உச்சம். கடிக்கும் கொசுவும் அந்த நேரத்துக் கொசுதான். கும்பகோணம் போன்ற பழைய ஊர்களில் சாக்கடை, செப்டிக் டேங்க், தேங்கிய கழிவுநீர் ஆகியவற்றில் பெருகும் கியூலெக்ஸ் இதைப் பரப்புகிறது. கொசுவுக்குள் போன நுண்புழு அடுத்தவருக்குத் தொற்றும் நிலையை எட்ட 10 முதல் 14 நாட்கள் ஆகும்.

மேற்கு ஆப்பிரிக்கக் கிராமங்களிலும் இதே புழுதான். ஆனால் பரப்புவது பெரும்பாலும் அனோஃபிலிஸ், அதாவது மலேரியாவையும் பரப்பும் கொசு. மலேரியாவுக்காகக் கட்டிய கொசுவலை அங்கே யானைக்காலையும் சேர்த்துத் தடுத்தது. இன்னொரு வேறுபாடு இன்னும் முக்கியம். ரத்தத்தில் நுண்புழு மிகக் குறைந்துவிட்டால் அனோஃபிலிஸ் மூலம் பரவுவது வேகமாகச் சரியும். கியூலெக்ஸ் அப்படியல்ல, ஒன்றிரண்டு நுண்புழு இருந்தாலும் எடுத்து வளர்த்துவிடும். அதனால் டோகோவில் போதுமாக இருந்தது டெல்டாவில் போதாமல் போகலாம். சகாராவுக்குத் தெற்கே யானைக்காலைப் பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்த முதல் நாடாக 2017-ல் டோகோ அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றியைக் காட்டி இங்கே குறைந்த எண்ணிக்கையை அலட்சியம் செய்யக்கூடாது.

மருந்தும் வேறு. இந்தியாவில் புழுவைக் கொல்லும் டி.இ.சி. (டைஎதில்கார்பமசின்) மாத்திரையும் அல்பெண்டசோலும் கொடுத்தார்கள், 2018 முதல் சில மாவட்டங்களில் ஐவர்மெக்டின் என்ற இன்னொரு புழு மருந்தும் சேர்ந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆற்றோரக் கறுப்பு ஈ பரப்பும் ஆற்றுக் குருட்டு நோய் இருந்ததால் டி.இ.சி. கொடுக்க முடியாது. தோலிலும் கண்ணிலும் உள்ள புழுக்கள் ஒரே நேரத்தில் செத்துக் கடும் எதிர்வினை உண்டாகும், பார்வைகூடப் போகலாம். அதனால் அங்கே ஐவர்மெக்டினும் அல்பெண்டசோலும் மட்டும். இணையத்தில் கிடைக்கும் ஆப்பிரிக்கப் படிவத்தை அப்படியே மொழிபெயர்த்து ஊருக்குள் எடுத்துப் போகிறவர்கள் மருந்துக் கேள்வியில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

முதலில் அனுமதி

தனியார் கல்லூரியோ தொண்டு நிறுவனமோ தானாகப் போய் ஊரில் ரத்தம் எடுக்க முடியாது. மாவட்ட சுகாதார அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி, பதிவுபெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் மறப்பார்கள். புழு இருப்பது தெரிந்த ஆளுக்கு மாத்திரை கொடுக்கப்போவது அவர்தான். அவரிடம் டி.இ.சி. இருப்பு உண்டா என்று கேட்காமல் கணக்கெடுப்பைத் தொடங்காதீர்கள். நோயைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு மருந்துக்கு அலையவிட்டால் அடுத்த முறை அந்தத் தெருவில் யாரும் விரல் நீட்டமாட்டார்கள்.

எப்போது போவது

டெல்டாவில் நாள் குறிக்கப் பஞ்சாங்கத்தோடு பயிர்க்காலத்தையும் பார்க்க வேண்டும். சம்பா நடவு நேரத்தில், செப்டம்பர், அக்டோபரில், பெண்கள் விடியுமுன் வயலுக்குப் போய் இரவு எட்டரைக்கெல்லாம் கண்ணயர்ந்துவிடுவார்கள். பத்து மணிக்கு எழுப்பினால் சம்மதம் வராது, வந்தாலும் நல்லெண்ணம் போய்விடும். வடகிழக்குப் பருவமழையில் இன்னொரு தொல்லை: ஈரக்காற்றில் ஸ்லைடில் இழுத்த ரத்தக்கோடு காயவே காயாது. சம்பா அறுவடை முடிந்து பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை நல்ல காலம். அதற்குள் மாரியம்மன் கோயிலில் காப்பு கட்டிவிட்டார்களா என்று விசாரியுங்கள். காப்பு கட்டிய வீட்டில் ரத்தம் சிந்த மனம் ஒப்பாது, திருவிழா இரவுகளில் வெளியூர் உறவுக்கூட்டமும் கணக்கில் கலந்துவிடும். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் ரமலான் மாதத்தைத் தவிர்க்க வேண்டியதில்லை. இரவுத் தொழுகை முடிந்து ஆட்கள் விழித்திருப்பார்கள், பெரியவர்களிடம் முன்பே பேசி வைத்தால் வேலை எளிது.

நாகை, தரங்கம்பாடிக் கடற்கரையில் மீனவர்கள் நள்ளிரவு தாண்டிக் கடலுக்குப் போவார்கள். அங்கே எட்டரை மணிக்குத் தொடங்குங்கள். இந்தியத் திட்டங்களில் எட்டரைக்குத் தொடங்குவது வழக்கம்தான். ஆனால் ஒரு தெருவை எட்டரைக்கும் இன்னொன்றைப் பன்னிரண்டுக்கும் எடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடக்கூடாது. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் நேரம் எழுதுங்கள். அரிசி ஆலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், வாட்ச்மேன் ஆகியோரைத் தனியாகக் குறியுங்கள். உறங்கும் நேரம் தலைகீழானால் நுண்புழு வெளிவரும் நேரமும் சில நாட்களில் மாறிவிடும் என்பது 19-ம் நூற்றாண்டிலேயே தெரிந்த செய்தி.

பகலில் டி.இ.சி. மாத்திரை ஒன்றைக் கொடுத்து அரைமணி, ஒருமணி கழித்து ரத்தம் எடுக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. மருந்து நுண்புழுவை வெளியே தள்ளும். மருத்துவர் உடனிருக்காமல் அதைத் தொடாதீர்கள். ஆற்றுக் குருட்டு நோய் உள்ள ஆப்பிரிக்கப் பகுதிகளில் அது அறவே கூடாது.

வீடுகளைத் தேர்ந்தெடுப்பது

இந்த வேலையில் மெனக்கெட வேண்டிய இடம் இது. மற்றதில் கொஞ்சம் சோம்பினாலும் பிழைக்கலாம், இதில் முடியாது.

மாத்திரை எத்தனை பேர் விழுங்கினார்கள் என்று வட்டாரம் முழுக்க அறிய 30 குழு முறை பழக்கத்தில் இருக்கிறது. 1960-களின் பிற்பகுதியில் மேற்கு ஆப்பிரிக்காவில் பெரியம்மைத் தடுப்பூசி எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று பார்க்க இப்படிக் குழு குழுவாக எடுக்கும் முறை பயன்பட்டது. பின்னால் உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசித் திட்டம் அதை 30 குழு, குழுவுக்கு 7 குழந்தை என்ற வடிவில் உலகெங்கும் கொண்டுபோனது.

செய்யும் விதம் இது. வட்டாரத்தின் எல்லாக் குடியிருப்புகளையும் மக்கள்தொகையோடு பட்டியலிட்டு, மேலிருந்து கீழாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 42,000 என்று வைத்துக்கொள்வோம். அதை 30-ஆல் வகுத்தால் 1,400. ஒரு ரூபாய் நோட்டை எடுத்து எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 1-க்கும் 1,400-க்கும் இடையில் இருந்தால் அதுவே தொடக்கம், இல்லாவிட்டால் அடுத்த நோட்டு. 617 என்று வந்தால் கூட்டுத்தொகையில் 617-வது ஆள் எந்தக் குடியிருப்பில் விழுகிறாரோ அது முதல் குழு. பிறகு 2,017, 3,417 என்று 1,400 கூட்டிக்கொண்டே போக வேண்டும். பெரிய ஊருக்கு இரண்டு மூன்று குழு விழும், சிற்றூர் சில விடுபடும். அதுதான் கணக்கு, இரக்கப்பட்டு மாற்றாதீர்கள்.

பழைய முறையில் அடுத்த படி, ஊர் நடுவில் நின்று பாட்டிலையோ பேனாவையோ சுழற்றி அது காட்டும் திசையில் போவது. டெல்டாவில் இதைச் செய்யவே கூடாது. ஊர் நடு என்பது கோயில் வாசல். எந்தத் திசையில் சுழன்றாலும் முதலில் வருவது மேலத்தெரு, கீழத்தெரு, குடியானத் தெரு. காலனி வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும். பல ஊர்களில் அது தாழ்ந்த நிலம், ஊர்ச் சாக்கடை வடிந்து சேரும் இடம். கொசு எங்கே அதிகமோ அந்த வீடுகள் கணக்குக்கு வெளியே போய்விடும். உலக சுகாதார நிறுவனமும் இப்போது வீட்டுப் பட்டியல் போட்டுக் குலுக்கி எடுப்பதையே சொல்கிறது.

எனவே முந்தின வாரம் பகலில் ஒரு நடை நடந்து வீடுகளை வரைபடத்தில் குறியுங்கள். காலனி, வாய்க்கால் கரைப் புறம்போக்குக் குடிசைகள், பம்புசெட் கொட்டகையில் குடும்பமாகத் தங்கியிருப்பவர்கள், செங்கல் சூளைக் குடில்கள் எல்லாம் அதில் வர வேண்டும். ரேஷன் கார்டுப் பட்டியலை மட்டும் நம்பினால் சூளைக் குடும்பங்கள் இருக்காது, சிங்கப்பூரில் இருப்பவர் இருப்பார். வரைபடத்தை ஏறத்தாழ 50 வீடுகள் கொண்ட துண்டுகளாகப் பிரித்துச் சீட்டுப் போட்டு எடுங்கள். சீட்டில் வந்த துண்டில் வரிசையாக எல்லா வீட்டுக்கும் போக வேண்டும்.

ரத்தத்துக்கு அளவு வேறு. கண்காணிப்புக்கென்று தேர்ந்தெடுத்த ஊர் ஒவ்வொன்றிலும் 5 வயதுக்கு மேற்பட்ட குறைந்தது 300 பேரிடம் எடுக்க வேண்டும். நுண்புழு உள்ளவர்கள் 1 விழுக்காட்டுக்குக் கீழே வருகிறார்களா என்பதே கேள்வி. பள்ளிக் கணக்கெடுப்பில் 6, 7 வயதுக் குழந்தைகளைப் பட்டைப் பரிசோதனையால் (விரல் ரத்தத்தைப் பட்டையில் விட்டுக் கோடு வருகிறதா என்று பார்ப்பது) பார்ப்பார்கள். மாத்திரைச் சுற்றுகள் தொடங்கிய பின் பிறந்த பிள்ளைக்குத் தொற்று இருந்தால் நோய் இன்னும் பரவுகிறது என்று பொருள்.

பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுப்பது வழக்கமான பிழை. எடுக்காதீர்கள். வெவ்வேறு நாளில், ஒரு ஞாயிறு உட்பட, மூன்று முறை போங்கள். அப்போதும் இல்லையென்றால் "இல்லை" என்று எழுதுங்கள், திருப்பூரா, வளைகுடாவா, ஆஸ்பத்திரியா என்ற காரணத்தோடு. மறுத்தவரை "மறுத்தார்" என்று எழுதுங்கள். "இல்லை", "மறுத்தார்" இரண்டையும் கலந்தால் பின்னால் எதையும் பிரித்தறிய முடியாது.

ஊருக்குள் நுழைவது

காம்பியாவில் பல பத்தாண்டுகளாக மருத்துவ ஆய்வு நடக்கும் கிராமங்களிலேயே "இவர்கள் ரத்தம் திருடுகிறார்கள்" என்ற பேச்சு புழங்கியதை மானுடவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2014-ல் கினியின் வோமே ஊரில் எபோலா பற்றி எடுத்துச்சொல்லப் போன குழுவில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். நம் ஊர்களில் அந்த அளவு போகாது என்றாலும் "ரத்தத்த எடுத்து விக்கிறாங்களாம்" என்ற வாய்மொழி டீக்கடையில் கிளம்பினால் இரண்டு தெரு அடைபட்டுவிடும். அதை மறுத்துப் பேசிப் பயனில்லை, அளவைக் காட்டுங்கள். மூன்று கோடு இழுத்துக் காய்ந்த பழைய பயிற்சி ஸ்லைடு ஒன்றைப் பையில் வைத்திருந்து, "இவ்வளவுதான் பெரியம்மா, சொட்டு ரத்தத்துக்குக் கொஞ்சம் மேல" என்று கையில் கொடுத்தால் பாதிப் பேச்சு அங்கேயே முடியும்.

ஊராட்சித் தலைவரைப் பார்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். காலனிப் பெரியவர், பள்ளிவாசல் ஜமாத், மகளிர் குழுத் தலைவி, அங்கன்வாடி ஆசிரியை என்று ஒவ்வொருவரையும் அவரவர் இடத்துக்கே போய்ப் பாருங்கள். மேலத்தெருக்காரரோடு காலனிக்குள் போனால் அவர் சொன்னதற்காகச் சிலர் விரல் நீட்டுவார்கள், அது சம்மதமாகாது. கிராம சுகாதார செவிலியரும் அந்தந்தத் தெருப் பெண் ஒருவரும் கூட வந்தாலே கதவு திறக்கும்.

சம்மதம் கேட்கும்போது நான்கு செய்திகளைச் சொல்லுங்கள்: எதற்கு, எவ்வளவு, முடிவு யாருக்குத் தெரியும், வேண்டாம் என்றால் ரேஷன், நூறு நாள் வேலை, ஆஸ்பத்திரி எதற்கும் பாதகமில்லை. கடைசியைச் சொல்லாமல் விட்டால் அரசாங்க உத்தரவு என்றே எடுத்துக்கொள்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது குழுவைச் சேராத சாட்சி ஒருவர் கையெழுத்திட வேண்டும். 18 வயதுக்குட்பட்டவருக்குப் பெற்றோர் சம்மதம் கட்டாயம். 7 முதல் 12 வரையான பிள்ளை வாயால் சரி என்று சொல்ல வேண்டும், அதற்கு மேல் எழுத்தில். குடித்திருப்பவரின் சம்மதம் செல்லாது, அடுத்த நாள் போங்கள்.

கேள்வித்தாளில் ஒரு வரி முழு ஆய்வையும் தூக்கி நிறுத்தும் அல்லது கவிழ்க்கும். "மாத்திரை வாங்கினீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், உண்மையும்கூட. "வாங்கின மாத்திரைய அப்பவே அவங்க முன்னாடி முழுங்கினீங்களா, அப்புறம் போட்டுக்கலாம்னு வெச்சீங்களா?" என்று கேளுங்கள். சில வீடுகளில் அக்கா எழுந்துபோய் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துவந்து காட்டுவார், மாத்திரை அட்டையோடு அப்படியே இருக்கும். "இதுவரைக்கும் ஒரு தடவையாச்சும் முழுங்கியிருக்கீங்களாண்ணே?" என்பது அடுத்த கேள்வி. ஒரு தடவைகூட விழுங்காதவர்களைத் தனிப் பட்டியலாக்குங்கள்.

இரவு வேலை

ரத்தம் எடுக்கப் போகும் ஒரு அணிக்கு நான்கு பேர்: கூப்பிட்டுப் பேச ஒருவர், குத்த ஒருவர், கோடு இழுக்க ஒருவர், எழுத ஒருவர். குத்துபவரே எழுதினால் எண் மாறும். இரவுக்கு 40, 50 பேர் போதும். தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கொன்று. மாற்று பேட்டரி மறக்க வேண்டாம், மின்வெட்டு சொல்லிக்கொண்டு வராது.

ஸ்லைடுகளை முந்தின நாளே சோப்பு நீரில் கழுவி, நன்றாக அலசி, ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்துக் காயவையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரத்தம் கோடாக நிற்காமல் முத்து முத்தாகத் திரளும். சொரசொரப்பான முனையில் பென்சிலால் எண் எழுதுங்கள். பேனா மை மெத்தனாலில் கரைந்துவிடும், பிறகு 50 ஸ்லைடும் அநாமதேயம். எண்களைப் புறப்படுமுன்பே எழுதிவிட வேண்டும். உடைந்த ஸ்லைடின் எண்ணை மறுபடி யாருக்கும் கொடுக்கக்கூடாது.

இடதுகை மோதிர விரல். நுனி நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. ஸ்பிரிட் முழுக்கக் காய வேண்டும். ஈரத்தில் குத்தினால் ரத்தம் சொட்டாகத் திரளாமல் பரவும், அணுக்களும் சிதையும். அறுவடை முடித்த கைகள் காய்த்துப்போயிருக்கும். வெதுவெதுப்பான நீரில் கழுவச் சொல்லி, கையைத் தொங்கவிட்டுச் சற்று நீவிவிடுங்கள். முதல் சொட்டை உலர் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பிழிந்து பிழிந்து எடுத்தால் திசுநீர் கலந்து நுண்புழு எண்ணிக்கை குறைவாகத் தெரியும். ரத்தம் வரவில்லையா, பிழியாதீர்கள், அனுமதி கேட்டு இன்னொரு விரலில் புது லான்செட்டால் (குத்தும் ஊசி) குத்துங்கள்.

அளவுக் குழாயில் 20 மைக்ரோலிட்டர் வீதம் மூன்று முறை எடுத்து ஸ்லைடில் மூன்று இணைகோடுகளாக இழுக்க வேண்டும், மொத்தம் 60 மைக்ரோலிட்டர். கோடு தடித்தால் கழுவும்போது உரிந்து போகும். ஸ்லைடைத் தட்டையான தட்டில் கிடத்தி நிழலில் காயவிடுங்கள். தட்டைச் செங்கல் மேல் வைத்து, செங்கலைத் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் வையுங்கள். எறும்பும் கரப்பானும் ஒரே இரவில் கோடுகளைத் தின்று தீர்க்கும். ஈ உட்காராமல் மேலே மெல்லிய வலை.

லான்செட் ஒருவருக்கு ஒன்று, மூடியைத் திரும்ப மாட்டக்கூடாது. குத்தியதும் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள் போட வேண்டும். ரத்தப் பஞ்சு மஞ்சள் பையில், கையுறை சிவப்பில், கழித்த ஸ்லைடு நீலத்தில். கையில் குத்திவிட்டால் சோப்பும் நீரும் விட்டுக் கழுவி, கசக்காமல், உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி தாண்டினால் பயனில்லை.

பட்டைப் பரிசோதனை

வளர்ந்த புழு ரத்தத்தில் விடும் எதிர்ப்பொருளூட்டியை (ஆன்டிஜென்) காட்டும் பட்டைக்கு இரவு தேவையில்லை, பகலில் எடுக்கலாம். 75 மைக்ரோலிட்டர் ரத்தத்தைப் பெட்டியோடு வரும் குழாயில் எடுத்து, பட்டையின் அடியிலுள்ள திண்டில் மெதுவாக விட வேண்டும். கடகடவென்று விட்டால் ரத்தம் மேலே வழிந்து சோதனை வீணாகும். மணி பார்த்து சரியாக 10-வது நிமிடத்தில் படியுங்கள். 10 நிமிடம் கடந்தபின் இல்லாத கோடு தோன்றலாம், "பாசிட்டிவ்" என்று எழுதிவிடாதீர்கள். 50 பட்டையை ஒருசேரப் பரப்பி வைத்தால் இந்தப் பிழை நடந்தே தீரும். கட்டுப்பாட்டுக் கோடே வராவிட்டால் புதுப் பட்டையில் மறுபடி செய்ய வேண்டும். 37 டிகிரிக்கு மேல் சூடு ஆகாது. சித்திரை வெயிலில் பூட்டிய காரில் பட்டைப் பெட்டி இருந்தால் அந்தப் பெட்டியை மறந்துவிடுங்கள்.

பட்டையில் கோடு வந்த எல்லோர் ரத்தத்திலும் நுண்புழு இருக்காது. மருந்து உண்டபின்னும் சிலருக்குக் கோடு நீண்ட காலம் நிற்கும். அவர்களைத்தான் இரவு ஸ்லைடுக்கு முதலில் அழைக்க வேண்டும்.

சாயமும் நுண்ணோக்கியும்

ஒரு நாள் காய்ந்த ஸ்லைடை மூன்று நாட்களுக்குள் சுத்தமான நீரில் நிறுத்தி, சிவப்பு முழுக்க வெளியேறும்வரை விடுங்கள், ஐந்து நிமிடம் பிடிக்கலாம். ஆட்டவோ குழாயடியில் பிடிக்கவோ வேண்டாம். காய்ந்தபின் மெத்தனாலில் ஒரு நிமிடம், பிறகு ஜிம்சா சாயம் ஒரு பங்குக்கு 50 பங்கு தாங்கல் நீர் (பஃபர்) கலந்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். தாங்கல் நீரின் அமிலகார அளவு (pH) 7.2 இருக்க வேண்டும். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்பு போர்வெல் நீரில் கலந்தால் சாயம் படிவது கெட்டுப்போகும். வாலைவடிநீரை (டிஸ்டில்டு வாட்டர்) வாங்கி வையுங்கள், செலவு சொற்பம்.

10 மடங்கு லென்சில் மூன்று கோடுகளையும் ஓரம் விடாமல் மேய வேண்டும். ஓரத்தில்தான் நுண்புழு அதிகம் விடுபடும். சந்தேகம் வந்தால் 40-க்குப் போங்கள். பான்கிராஃப்டி நுண்புழு வழுவழுப்பான வளைவுகளோடு படுத்திருக்கும், வால் நுனியில் உட்கருப் புள்ளிகள் இருக்காது. வால் நுனியில் தள்ளித் தள்ளி இரண்டு புள்ளி தெரிந்தால் அது யானைக்காலை உண்டாக்கும் இன்னொரு புழுவான புருகியா மலேயி. ஜிம்சாவில் பான்கிராஃப்டியின் உறை சாயம் ஏற்காது, புருகியாவின் உறை பளிச்சென்ற இளஞ்சிவப்பு. மேற்கு ஆப்பிரிக்கப் படத்தொகுப்பை வைத்துப் பழகுபவர்கள் அங்கே காணும் மான்சோனெல்லா என்ற வேறொரு புழுவின் படத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கு உறையே இல்லை, புள்ளிகள் வால் நுனிவரை ஓடும். புதியவர்களை ஏமாற்றுவது பஞ்சு நூல். நூலுக்குள் உட்கரு இருக்காது.

எண்ணிக்கையை 16.7-ஆல் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை என்று வரும். ஸ்லைடில் 6 என்றால் மில்லிக்கு ஏறத்தாழ 100. பத்தில் ஒரு ஸ்லைடையும் எல்லாப் பாசிட்டிவ் ஸ்லைடையும் வேறொருவர் முதல் முடிவைப் பாராமல் மறுபடி படிக்க வேண்டும்.

300 பேரில் ஒருவருக்கும் இல்லை என்றால் "பூஜ்யம்" என்று எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஒருவரும் அகப்படாதபோது, மூன்றைப் பார்த்த ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து மேல் எல்லையைக் கணிப்பார்கள்; மூன்றை 300-ஆல் வகுத்தால் 1 விழுக்காடு. உண்மை நிலை அதுவரை இருக்க இடமுண்டு. பிறகு வயது, ஆண் பெண் வாரியாக, பட்டியலில் எத்தனை பேர், ரத்தம் கொடுத்தவர் எத்தனை பேர் என்று அட்டவணை போடுங்கள். 20 முதல் 40 வயது ஆண்கள் பட்டியலில் 60 பேர், கொடுத்தவர் 18 பேர் என்றால் அந்த ஊரைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது என்பதே நேர்மையான முடிவு. பொங்கலுக்கு ஊர் திரும்பும் நாட்களில் பட்டையோடு பகலில் போய் அந்த 42 பேரில் எத்தனை பேரைப் பிடிக்க முடியுமோ பிடியுங்கள். அறிக்கையில் அவர்களைத் தனியாகக் காட்டுங்கள்.

முடிவைச் சொல்வது

பாசிட்டிவ் என்பதைத் தெருவில் நின்று சொல்லக்கூடாது. கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் "யானைக்கால்" என்ற பேச்சு எழுந்தால் சம்பந்தம் கலையும். தனியாகக் கூப்பிட்டு, "ரத்தத்துல பூச்சி இருக்கு, மாத்திர சாப்பிட்டா போயிடும், கால் வீங்கணும்னு இல்ல" என்று செவிலியர் சொல்லட்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் உடல் எடைக்குக் கிலோவுக்கு 6 மில்லிகிராம் கணக்கில் 12 நாள் டி.இ.சி. கொடுப்பார். முதல் ஓரிரு நாள் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி வரலாம், அது புழு சாவதால். முன்கூட்டியே சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயாளிகளுக்கு இந்த மாத்திரை கிடையாது.

வீடு வீடாகப் போகும்போது ஏற்கெனவே கால் வீங்கியவர்களும் விரைவீக்கம் உள்ள ஆண்களும் தென்படுவார்கள். அவர்கள் ரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழு இருக்காது. அதற்காக "நெகட்டிவ்" என்று எழுதிவிட்டு நகரக்கூடாது. விரைவீக்கத்துக்கு அரசு மருத்துவமனையில் அறுவை செய்துகொள்ளலாம், சீட்டு எழுதிக் கொடுங்கள். நான்காம் நிலை வீக்கம் உள்ளவருக்குத் தமிழக அரசின் மாத உதவித்தொகை உண்டு, விண்ணப்பித்தாரா என்று கேளுங்கள்.

கால் வீக்கத்துக்கு அன்றாடக் கழுவல்தான் மருந்து. சாதாரண சோப்பும் சுத்தமான நீரும் விட்டுத் தொடையிலிருந்து கீழ்நோக்கி, மடிப்புகளிலும் விரல் இடுக்குகளிலும் தேய்த்துக் கழுவ வேண்டும். பிரஷ் கூடாது. மெல்லிய துணியால் ஒற்றி, இடுக்குகளை முழுக்கக் காயவைக்க வேண்டும். நடவுக் காலத்தில் சேற்றுப்புண் வழியாகக் கிருமி நுழைந்து குளிர்காய்ச்சலும் நெறி கட்டுதலும் வரும். ஒவ்வொரு முறை வந்துபோகும்போதும் வீக்கம் ஒரு படி ஏறும். சேற்றுப்புண்ணுக்குப் பூஞ்சைக் களிம்பு போட்டு, வயலிலிருந்து ஏறியதும் வாய்க்கால் நீரில் இல்லாமல் வீட்டு நீரில் கழுவச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்த நாட்களில் காலைத் தூக்கி வைத்துக் குளிர்ந்த ஈரத்துணி போட்டு, அதிகம் நீர் குடித்து, ஆன்டிபயாட்டிக்குக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் டி.இ.சி. எடுக்கக்கூடாது, காலைத் தேய்த்து நீவிவிடவும் கூடாது.